மன்னார் வெயிலில் ஒரு ஹீற்றர்

மன்னாரில் இருந்துகொண்டு, அதுவும் ஆவணி மாதத்தில், வான் வண்டிக்குள் ஹீற்றர் சுடவில்லை என்று ஒருத்தி வாகனம் திருத்துகிற கராச்சுக்கு வந்து நின்றால் சனம் சிரிக்காமல் என்ன செய்யும்? அகஸ்ரினா ரீச்சர் உயிலங்குளத்துக் கராச்சுக்கு அதைச் சொல்லிக்கொண்டு வந்தது இது மூன்றாவது தரம். வெயில் மண்டையைப் பிளந்தது. தன் வானுக்கு பிரேக் பார்க்க வந்து வாசலில் குந்தியிருந்த வஸீர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிக்கட்டும். அவனுக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது, சிரிக்கிறான்.

அவளுடைய மனுசன் வின்சன்ட் இழுப்புக்காரர். தை மாதம் மகள் பிரஷாந்தியின் நிச்சயதார்த்தத்துக்காக நுவரெலியா போனார்கள். றம்பொடை ஏற்றத்தில் மழையும் மூடுபனியும் சேர்ந்து வந்தபோது ஹீற்றரைப் போட்டால், அது ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி ஊதியது. மாப்பிள்ளை வீட்டுக் கதிரையில் இருக்கவேண்டிய மனுசன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒட்சிசன் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

நாளை மறுநாள் அதே ஊரில் கல்யாணம். நாளைக்கு விடிய நாலு மணிக்கு வெளிக்கிட வேண்டும். அப்பா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் கோயில் வாசற்படியே மிதிக்கமாட்டேன் என்று மகள் போனில் அழுகிறாள். டொக்டரோ, சூடில்லாத வாகனத்தில் இந்த மனுசனை மலைக்கு ஏற்றுவதென்றால் சவப்பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

கராச்சுக்காரர் சீவரத்தினம் பாஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. பிழை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. முதல் தரம் போனபோது, "காஸ் குறைஞ்சிட்டுது ரீச்சர்" என்று ஏசிக்குக் காஸ் அடித்துவிட்டார். ஏசி நன்றாகக் குளிர்ந்தது. ஹீற்றரும் அதோடு சேர்ந்து குளிர்ந்தது. இரண்டாவது தரம் டாஷ்போட்டை முழுதாகப் பிரித்து மேய்ந்துவிட்டுத் திரும்பப் பூட்டினார். மூன்று ஆணி மிஞ்சியது. "கொம்பனிக்காரன் கூடப் போட்டிட்டான்" என்று அதைத் தூக்கி எறிந்தார்.

இன்றைக்கு வானுக்குள் தலையை விட்டு, காற்றில் கையைப் பிடித்துப் பார்த்து, கண்ணை மூடி யோசித்தார்.

"ரீச்சர், ஹீற்றருக்குப் பழக்கம் விட்டுப்போச்சு. எத்தினை வருசம் இந்த வெயிலுக்க சும்மா கிடந்தது? இனி அது சுடாது."

"மிசினுக்குப் பழக்கம் விடுமோ, பாஸ்?"

"மனுசருக்கே விடுதெல்லோ!"

அகஸ்ரினாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வின்சன்ட்டுக்குப் பக்கத்தில் ஸ்டியறிங்குக்கு முன்னால் ஏறியிருந்தாள். முப்பது கிலோமீற்றர் ஓடி வந்த வான். ஆனால் எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள்ளோ எழும்ப மனமில்லாமல் அடியிலேயே படுத்துக்கிடந்தது. யோசித்துப் பார்த்தால் இத்தனை வருசமும் அது அப்படித்தான் கிடந்திருக்கிறது. விஞ்ஞானம் படிப்பிக்கிற தனக்கு இது இவ்வளவு நாளும் கண்ணில் படவில்லையே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

"பாஸ், இந்த முள் ஏன் மேல வாறேல்ல?"

சீவரத்தினத்தின் முகம் மலர்ந்தது.

"அது என்ர கைவேலை! தண்ணி சூடாகுமட்டும் றேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்க, ஜப்பான்காரன் உள்ளுக்க ஒரு வால்வு வைச்சிருக்கிறான். எங்கட வெயிலுக்கு அது என்னத்துக்கு? நீங்கள் வான் வாங்கின கிழமையே கழட்டி எறிஞ்சனான். மன்னாருக்க நான் கழட்டாத வான் இல்லை."

"ஓம் எண்டு வஸீரும் சொல்லுவான்" என்று வேறு சேர்த்துக்கொண்டார். வஸீரும் பெருமையாகத் தலையாட்டினான்.

"கடவுளே! அந்தத் தண்ணியின்ர சூட்டிலதானே பாஸ் ஹீற்றரே வேலை செய்யுது! தண்ணி சுடாட்டி அது எங்கயிருந்து சூட்டை எடுத்து ஊதும்? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்!"

பாஸ் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப அதைத் திருப்பிப் பூட்டுங்கோ."

"பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிட்டன் ரீச்சர்."

அவள் மன்னார் ரவுனில் தெரிந்த பாட்ஸ் கடைகளுக்கெல்லாம் போன் எடுத்தாள். "அதை இஞ்ச ஆர் வாங்கிறது ரீச்சர்? கழட்டிறதுக்குத்தானே ஆக்கள்" என்று ஒருவன் சிரித்தான். கொழும்பிலிருந்து எடுப்பிக்க மூன்று நாள் செல்லுமாம்.

இதையெல்லாம் முன்சீற்றில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த வின்சன்ட், "விடும் அகஸ்ரினா" என்றார். "நீர் போயிட்டு வாரும். நான் வீட்டில இருந்து போனில பாக்கிறன்."

அந்தச் சொல் அவளுடைய நெஞ்சில் போய்க் குத்தியது. பெற்ற மகளின் கல்யாணத்தை உள்ளங்கை அகலக் கண்ணாடியில் பார்க்கவோ இந்த மனுசன் இருபத்தாறு வருசம் பிள்ளையைத் தூக்கி வளர்த்தது? அழுதால் வஸீர் பார்ப்பான் என்று அவள் இறங்கிக் கராச்சின் பின்பக்கம் போனாள். அங்கே வேம்புக்குக் கீழே சீவரத்தினத்தின் சொந்த வான் நின்றது. அவளுடையதைப் போலவே அச்சொட்டான வான். பாஸின் மனுசி பூமணி அப்போதுதான் திருக்கேதீஸ்வரத்திலிருந்து அதில் வந்து இறங்கி, அர்ச்சனைத் தட்டோடு வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள். திறப்பு சாவித் துவாரத்திலேயே கிடந்தது.

இதிலும் முள் படுத்துத்தான் கிடக்குதோ பார்ப்போம் என்று அகஸ்ரினா ஏறித் திறப்பைத் திருப்பினாள். முள் எழும்பி நட்டநடுவில் போய் நின்றது. ஹீற்றரைப் போட்டாள். அடுப்பை ஊதின மாதிரி முகத்தில் அடித்தது சூடு.

"ரீச்சர்! அது என்ர வான்!" சீவரத்தினம் ஓடிவந்தார். பின்னால் வஸீரும் வந்தான்.

"தெரியுது. நீங்கள் கழட்டாத வான் ஒண்டு மன்னாரில நிக்குதுதான். இதில இருக்கிறதைக் கழட்டி என்ர வானில பூட்டுங்கோ."

"ஐயோ, விசர்க்கதை கதையாதேங்கோ! அதைக் கழட்டினா டீசல் கண்டபடி குடிக்கும். எஞ்சின் அரைவாசி வயசிலயே செத்துப்போகும்!"

சொன்னபிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது.

வஸீர் இப்போது சிரிக்கவில்லை.

"பாஸ்," என்றான் மெல்ல, "என்ட வானில எந்த வருசம் கழட்டினீங்க?"

"அவருக்கு மறுமொழி பிறகு சொல்லுங்கோ," என்றாள் அகஸ்ரினா. "முதல்ல கழட்டுங்கோ."

"இப்ப கை வைக்கேலாது ரீச்சர். எஞ்சின் கொதிக்குது."

"ஆறட்டும். நான் நிக்கிறன்."

அவள் உள்ளே போய்க் கராச்சுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, பாஸின் வானுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் வஸீரும் ஒரு கதிரையோடு வந்து பக்கத்தில் இருந்தான்.