மெர்வ் மாற்றிப் போட்ட கேம்

கார் இஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்ட் வாங்கப் போகிறவன் முதலில் தன்னிடமே பொய் சொல்லிக்கொள்வான். மலைமேல் இருக்கிற எங்கள் டூவும்பாவில் இது ஊர் வழக்கம். ரொட்டி வாங்க மட்டுமே வெளியே எடுக்கிற காரைப் பந்தயக் கார் என்று சொல்லிப் பெரிய கேமாகக் கேட்பான். நான் பொய் சொல்லவில்லை. என் பழைய ஹோல்டன் காரின் எடை, ஆட்டோமேட்டிக் கியர், பிள்ளைகள், மலைச்சாலை என்று கேம் கடைக்காரரிடம் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன். "சின்னது போதும், மெதுவாப் போறப்பவே நல்லா இழுக்கும்" என்றார். அதையே வரவழைத்துப் போடும்படி மெக்கானிக் மெர்விடம் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்த கார் நின்ற இடத்திலேயே குலுங்கியது. தடக் தடக்கென்று தெருவே அதிர்ந்தது. புது கேம், போகப் போகச் சரியாகிவிடும் என்றான் மெர்வ். நம்பித் தொலைத்தேன்.

மறுநாள் என் இரட்டைப் பையன்களைப் பின்னால் உட்காரவைத்து மலை இறங்கினேன். முன்னால் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. நின்று நின்று போனதில் பிரேக் மிதி கல்லாய் இறுகிவிட்டது. இரண்டு கால்களாலும் ஏறி மிதித்தேன். முன்னால் போன லாரிக்கு ஒரு சாண் பின்னால் கார் நின்றது. விளையாட்டு என்று நினைத்துப் பையன்கள் சிரித்தார்கள்.

இழுவை வண்டியில் ஏற்றிக் காரை நேராக மெர்வின் பட்டறைக்கே கொண்டுபோனேன்.

"என்ன கேம்டா போட்ட?"

"கொஞ்சம் பெருசு, கிளெனிஸ். நீ சொன்னதப் போட்டா கார் உறுமவே உறுமாது. என் பட்டறையிலேருந்து அப்படி ஒண்ணு போச்சுன்னா வெள்ளிக்கிழமை கார்க்காரங்க கூட்டத்துல என்னைய ஓட்டித் தள்ளிருவானுங்க."

"அதுக்கு பிரேக் ஏன் பிடிக்கல?"

"பெரிய கேம்னா மெதுவா ஓடுறப்ப இஞ்சின் சரியா காத்த உறிஞ்சாது. அந்த உறிஞ்சல்தான் பிரேக்குக்குக் கைகுடுக்கும். அழுத்தி மிதிக்கணும், அவ்ளோதான். பழகிரும்மா."

தெரிந்தே செய்திருக்கிறான் பாவி! நாலு பேர் கைதட்ட என் பிள்ளைகளை மலையிலிருந்து உருட்டப் பார்த்திருக்கிறான்.

"அப்ப நீயே ஓட்டிக் காட்டு. அடிவாரம் வரைக்கும்."

சாவியை அவன்மேல் வீசினேன். பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஏறி இஞ்சினைக் கிளப்பினான். அவன் நாய் எந்தக் கார் கிளம்பினாலும் ஓடிவந்து ஏறிக்கொள்ளும். அன்றும் தாவி முன் சீட்டில் உட்கார்ந்தது. மெர்வ் மலைப்பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினான்.

"நீ வேணாண்டா செல்லம், இங்கயே இரு."

"நாய எறக்கி விடுற! என் பிள்ளைங்கள மட்டும் இதுல போகவிட்ட?"

அவன் இஞ்சினை அணைத்தான்.