அண்ணனின் டிஸ்க்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் அண்ணனின் டிஸ்கில் இருந்ததையெல்லாம் துடைத்தாள். திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. தொடங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒற்றை வரி வந்து நின்றது.

அவள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். வாரக்கடைசிக்குள் தர வேண்டிய முந்நூறு பக்கம் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுத் திருப்புளிக்குப் போன் செய்தாள். அந்தத் தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவர்தான் வருவார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் திருப்புளி இருக்கும். அதுவே பெயராகிவிட்டது.

அது அண்ணன் தன் கையால் பொருத்திக் கட்டிய கம்ப்யூட்டர். உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் அவள் வேலை, இன்னொன்றில் அவர் குரல். பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்துகொடுப்பது அவர் தொழில். ஏழு மாதத்துக்கு முன்பு, வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேஜைமேல் சாய்ந்துவிட்டார். அண்ணி, மூன்று பேரும் சேர்ந்திருந்த இந்த வீட்டில் இருக்க மனமில்லாமல் இரண்டு தெரு தள்ளித் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போன வாரம் அவளேதான் போனில் சொன்னாள்: "அவரோட டிஸ்க்கை அழிச்சிடு. திறந்து கேக்காத, அப்படியே அழிச்சிடு." துக்கத்தில் சொல்கிறாள் என்று இவளும் காரணம் கேட்கவில்லை.

திருப்புளி பதினோரு மணிக்கு வந்து பெட்டியைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் விஷயம் பிடிபட்டுவிட்டது.

"விண்டோஸ் உங்க டிஸ்க்லதான்மா இருக்கு. பத்திரமா இருக்கு. ஆனா அதைத் தொடக்கி வைக்கிற சின்னப் பகுதி மட்டும் உங்க அண்ணன் டிஸ்க்ல இருந்திருக்கு. அதையும் சேத்துத் துடைச்சிட்டீங்க."

"அப்ப இத்தனை நாளும்?"

"தினமும் முதல்ல அவர் டிஸ்க்குக்குப் போய்ட்டுத்தான் உங்ககிட்ட வந்திருக்கு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவள்தான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

அண்ணனின் டிஸ்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பென்டிரைவைச் செருகி, அவள் டிஸ்கிலேயே கொஞ்சம் இடம் ஒதுக்கி, தொடக்கப் பகுதியைப் புதிதாக எழுதினார். இரண்டு முறை சொதப்பியது. மூன்றாவது முறை திரை வெளிச்சமானது. அவள் பக்கங்கள் ஒன்றுவிடாமல் இருந்தன. உயிர் வந்தது அவளுக்கு.

வேறு கோளாறு ஏதும் உண்டா என்று பார்க்க, கம்ப்யூட்டர் எப்போதெல்லாம் ஓடியது என்ற பதிவுகளைத் திறந்த திருப்புளி நெற்றியைச் சுருக்கினார்.

"மதியத்துல வீட்ல யாரும்மா இருப்பாங்க?"

"யாரும் இல்லையே. ஒன்பது மணிக்குப் பூட்டிட்டுப் போனா ஆறு மணிக்குத்தான் வருவேன்."

"தினமும் ரெண்டேகாலுக்கு ஆன் ஆகுது. மூணு மணிக்கு நிக்குது. அஞ்சு மாசமா."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பத்து. ஐந்து நிமிஷம் போனதும் வாசல் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

அண்ணி உள்ளே வந்தாள். இவர்களைப் பார்த்ததும் சாவியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

"நீ ஆபீஸ் போகலையா?"

"நீங்கதானா அண்ணி தினமும்?"

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். "தினமும் அவர் குரலைக் கேக்கத்தான் வந்தேன், இன்னைக்கு நீ அழிச்சிட்டியான்னு பாக்க. பூகோளம், கணக்கு, எதுவா இருந்தா என்ன. கேட்டுட்டு ரெண்டு வார்த்தை நானும் பேசுவேன், அவர் கேக்குற மாதிரி. ஒருநாள் புதுசா ஒரு பதிவு இருந்துச்சு. நீதான் எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கேன்னு நினைச்சேன்."

"நான் அந்த டிஸ்க்கைத் தொட்டதே இல்லையே."

"தெரியும். அதுல இருந்தது பாடம் இல்ல. முந்தின நாள் நான் பேசினதுக்குப் பதில்."

திருப்புளி தொண்டையைச் செருமினார். அவருக்கு எழுந்து போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. "நீங்க வராத நாள் உண்டாம்மா?"

"போன மாசம் பதிமூணுலருந்து ஒரு வாரம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், ஊர்லயே இல்ல."

அவர் திரையில் விரல் வைத்துக் கீழே இறங்கினார். பதிமூன்று, ரெண்டேகால். பதினாலு, ரெண்டேகால். ஏழு நாளும் விடாமல் இருந்தது. தானாக ஆன் ஆகும்படி யாராவது அமைத்திருக்கிறார்களா என்று குடைந்து பார்த்தார். அப்படி எதுவும் இல்லை.

"எதுக்கு அழிக்கச் சொன்னீங்க?" என்று கேட்டாள் அவள்.

அண்ணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "கடைசிப் பதிவுல உன்னைக் கேட்டார். என் தங்கச்சியும் இந்த வீட்லதானே இருக்கா, ஒருநாள் அவளையும் கூட்டிட்டு வா, மூணு பேரும் இங்கேயே இருந்துடலாம்னு."

அவள் மேஜைமேல் இருந்த டிஸ்கைப் பார்த்தாள்.

"மேலாகத்தான் துடைச்சிருக்கு," என்றார் திருப்புளி மெதுவாக. "வேணும்னா அந்தப் பதிவுகளைத் திரும்ப எடுக்கப் பாக்கலாம். சொல்ல வேண்டியது என் கடமை."

அவள் கை டிஸ்கின்மேல் போனது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் உட்கார்ந்து கதை வாசித்துக்காட்டிய குரல் அது. ஒரே ஒரு தடவை கேட்டால் என்ன என்று தோன்றியது. உலோகம் இளஞ்சூடாக இருந்தது. கழற்றி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்."

திருப்புளி பின்வாசல் படியில் டிஸ்கை வைத்து டிரில்லால் நான்கு ஓட்டை போட்டார். நல்ல வெயில். பக்கத்து வீட்டு அம்மாள் மதில்மேல் எட்டிப்பார்த்து, என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனாள். அண்ணி ஓட்டை ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் திறந்தாள்.

திருப்புளி போன பிறகு அவள் அண்ணியிடம் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. "இனிமே மதியத்துல வராதீங்க அண்ணி. சாயங்காலம் வாங்க. நான் இருக்கும்போது."

"வந்து என்ன பண்றது?"

"பேசலாம்."

அடுத்த நாள் ஆறரைக்கு அண்ணி வந்தாள். அவள் மெய்ப்பை மூடிவைத்துவிட்டு டீ போட்டாள். அண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பிக்க இருவருக்கும் ரொம்ப நேரமானது. ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை.