கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர்

இந்தக் கருத்துக் கணிப்புக்காரர்கள் யாரிடம்தான் கேட்கிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் சந்தேகம். நாட்டில் பாதிப்பேர் இப்படி நினைக்கிறார்கள், மீதிப்பேர் அப்படி நினைக்கிறார்கள் என்று டி.வி.யில் வண்ண வண்ணமாகப் போடுகிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஆல்விக் ஊரில் ஒருவரையும் கேட்டதாகத் தெரியவில்லை. என்னையும் கேட்டதில்லை. எனக்கோ எல்லா விஷயத்திலும் ஒரு கருத்து உண்டு. அதை வீணாக்க வேண்டாமென்று வாஷிங்டன் காங்கிரஸ் சபையில் எங்கள் தொகுதி உறுப்பினரான பிராண்ட்வால்டுக்கு மாதம் தவறாமல் கடிதம் எழுதிவிடுவேன். முதல் பத்தியில் விஷயம், அடுத்ததில் காரணம், கடைசியில் கோரிக்கை. தொடக்கம் எப்போதும் ஒன்றுதான்: "நானும் என் மனைவி கொரீனும் கருதுவது என்னவென்றால்…"

மார்ச் மாதம் ஒரு மாலை, சாப்பிட உட்காரும் நேரத்தில் போன் அடித்தது. எடுத்தேன். கருத்துக் கணிப்பு என்றது ஒரு பெண்குரல். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கேளும்மா, கேளு. உங்க போனுக்குத்தான் இத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம் சார். உங்க வீட்டுல பதினெட்டு வயசு தாண்டினவங்கள்ல கடைசியா யாருக்குப் பொறந்தநாள் வந்துச்சு?"

"எதுக்கும்மா, கேக் அனுப்பப் போறீங்களா?"

"இல்ல சார், அவங்ககிட்டதான் நான் பேசணும். எடுக்கறவங்ககிட்டயே பேசினா, போன் அடிச்சதும் ஓடி வர்ற ஆளுங்களோட கருத்து மட்டும்தான் எங்களுக்குக் கிடைக்கும்."

"அப்படின்னா கொரீன்தான். பிப்ரவரியில வந்துச்சு. ஆனா எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கருத்தும்மா. நானே சொல்லிடறேனே."

"அவங்களைக் கூப்பிடுங்க சார்."

கொரீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள். எனக்கு அவள் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது.

"கவர்ன்மென்ட் செலவையா? குறைக்கக் கூடாது… ரொம்பவா, ஓரளவான்னா, ரொம்பவே எதிர்க்கிறேன்னு போட்டுக்கம்மா."

நான் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சத்தமா? அது எங்க வீட்டுக்காரரு. நீங்க கண்டுக்காதீங்க… தெரியாதுன்னு சொன்னாலும் எழுதிக்குவீங்களா? ஓ, உங்க லிஸ்ட்ல அப்படி ஒரு பதில் இருக்கு, ஆனா நீங்களா வாசிக்க மாட்டீங்க. நல்ல ஏற்பாடுதான். இல்லம்மா, எனக்குத் தெரியும். கேளுங்க."

அவள் போனை வைத்தபோது சாப்பாடு ஆறிப்போயிருந்தது. எனக்கு அதுவல்ல கவலை. வருகிற சனிக்கிழமை பிராண்ட்வால்டு எங்கள் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்துக்கு வந்து ஊராரைச் சந்திக்கிறார். அங்கே மைக்கைப் பிடித்து என் புதுக் கடிதத்தை வாசிக்கப் பெயர் கொடுத்திருந்தேன். அரசாங்கச் செலவைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுங்கள் என்பதுதான் கடிதம். அதுவும் வழக்கம்போல 'நானும் என் மனைவியும்' என்றுதான் ஆரம்பித்தது.

"அந்த மனைவி யாரு லீலண்ட்? நான் ஒரு தடவை அவளைப் பார்க்கணுமே," என்றாள் கொரீன்.

"இத்தனை நாளா நீ ஒண்ணும் சொல்லலையே!"

"நீ கேக்கலையே. அந்தப் பொண்ணு கேட்டா, சொன்னேன். 'உங்கள் இருவரின் கருத்தும் பதிவு செய்யப்பட்டது'ன்னு பிராண்ட்வால்டு ஆபீஸ்லேருந்து பதில் வருமே, அதுல என் பேர்ல என்னென்ன பதிவாயிருக்கோ!"

"சரி, இந்த ஒரு தடவை…"

"நாங்கன்னு ஒரு வார்த்தை உன் வாயில வரட்டும், முன்வரிசையில எழுந்திரிச்சு நிப்பேன்."

நிற்கக்கூடியவள்தான். ஊர் முழுக்க இருக்கிற இடத்தில் அப்படி ஆகிவிட்டால் அப்புறம் காபிக் கடைப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது. பெயரை வாபஸ் வாங்கினாலும் அதே கதிதான். 'நான்' என்று மாற்றிக்கொள்கிறேன் என்றேன்.

"மாத்திக்கோ. அதுக்கு முன்னாடி உன் கருத்து என்னன்னு பார்த்துடலாம். உக்காரு, நான் கேக்கறேன்."

அந்தப் பெண்ணின் குரலையே வரவழைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அரசாங்கச் செலவைக் குறைக்கலாமா சார்?"

"ரொம்பவே ஆதரிக்கிறேன்."

"கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்குத் தர்ற பணம்?"

"அதுல கை வைக்கக் கூடாது. இருக்கறதே ஒரு டாக்டர்."

"ரோடு, பாலம்?"

"நம்ம ஆத்துப் பாலத்தைப் பார்த்தியா நீ? கூட்டணும்."

"வயசானவங்க பென்ஷன்?"

"அது நான் கட்டின பணம்!"

"பயிர்க் காப்பீடு?"

"போன வருஷம் ஆலங்கட்டி மழையில அது இல்லாட்டி நாம எங்கே இருப்போம்?"

"வெளிநாட்டு உதவி?"

"ஆங், அதை வெட்டு!"

"அதுல நம்ம கோதுமையையும் வாங்கித்தான் அனுப்பறாங்க சார்."

"கேள்வி கேக்கறவங்க இப்படிக் குறுக்கே பேசக் கூடாது கொரீன். அந்தப் பொண்ணு பேசினாளா?"

"அவகிட்ட விக்கறதுக்குக் கோதுமை இல்லையே."

மறுநாள் 'நாங்கள்' எல்லாவற்றையும் 'நான்' ஆக்கிக் கடிதத்தைச் சுத்தமாகத் திரும்ப எழுதினேன். வேறு ஒரு வரியையும் தொடவில்லை.

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கொரீன் மடியில் கைப்பையுடன் உட்கார்ந்திருந்தாள். என் முறை வந்ததும் தெளிவாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். 'நான்' என்ற இடத்தில் அவள் தலையசைத்தாள். வாசித்து முடித்ததும் கைதட்டல். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். பிராண்ட்வால்டு விடவில்லை.

"அருமை லீலண்ட்! உங்களை மாதிரி ஆளுங்க சொல்றதைத்தான் நான் வாஷிங்டன்ல போய்ச் சொல்லணும். முதல்ல எதை வெட்டலாம்? நீங்களே சொல்லுங்க."

கூடத்தைப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் ஆஸ்பத்திரி நர்ஸ். கதவோரம் தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டித் தபால் கொண்டுவருகிறவர். நடுவில் பென்ஷன்காரர்கள் ஒரு வரிசை, பின்னால் கோதுமைக்காரர்கள் நாலு வரிசை. எல்லோரும் நான் யாரைச் சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாடு என்று வாய் வரை வந்துவிட்டது. கொரீன் புருவத்தைத் தூக்கினாள்.

"தெரியாதுன்னு போட்டுக்கங்க," என்றேன்.

"புரியலையே லீலண்ட்?"

"அப்படி ஒரு பதில் இருக்கு சார். நீங்களா வாசிக்கறதில்ல, அவ்வளவுதான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். நர்ஸ்தான் முதலில் கை தட்டினாள். பிராண்ட்வால்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும்போது கொரீன்தான் வண்டி ஓட்டினாள். பாலத்தின் மேல் வண்டி குலுங்கியதும் அந்தப் பெண்ணின் குரலில் கேட்டாள்:

"ரொம்பத் தெரியாதா சார், ஓரளவு தெரியாதா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு," என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "ரொம்ப," என்றேன்.