கரையும் வரை பேசக் கூடாது

காலையில் மாத்திரை வாயில் இருக்கும் நேரம் மட்டும்தான் ரேடியோ பேசாமல் இருப்பான். மற்ற நேரமெல்லாம் ஓயாத வாய். அவனோடு லிஃப்ட் பழுது பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. வேலை போன பிறகும் பெயர் மட்டும் போகவில்லை.

போதை ஊசியை விடுவதற்காக மறுவாழ்வு மையத்தில் கொடுக்கும் மாத்திரை. விழுங்கினால் வீண். நாக்குக்கு அடியில் இருந்து, தானாகக் கரைந்து, அங்கிருந்தே ரத்தத்தில் இறங்க வேண்டும். முதலில் தினமும் மையத்துக்குப் போய், சிஸ்டரின் கண் முன்னால் போட்டுக்கொண்டு வந்தான். இப்போது ஒரு வாரத்துக்கானதை அவனுடைய அக்கா கையில் கொடுத்தனுப்புகிறார்கள்.

"உங்கள நம்பித்தான் தர்றேன்" என்றார் சிஸ்டர். "கரையற வரைக்கும் பக்கத்துலயே இருங்க. பேச விடாதீங்க. சில பேர் வாய்க்குள்ளயே ஒதுக்கி வச்சு, வெளிய போய்த் துப்பி வித்துடுவாங்க. எச்சில் மாத்திரைய வாங்கக்கூட ஆள் இருக்கு."

ஆளைத் தெரிந்துதான் பிடித்திருந்தார் சிஸ்டர். அக்காவுக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளமே. பெரிய கடை ஒன்றின் வாசலில் நின்று, வெளியேறுகிறவர்களின் பையையும் பில்லையும் ஒத்துப் பார்க்கிற வேலை. வருடக்கணக்கில் நின்றதில் ஒன்று புரிந்திருந்தது. எதுவும் எடுக்காதவர்கள் பையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், எப்போது திருப்பித் தருவாள் என்று. எடுத்தவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பார்கள்.

சில நாட்களாகத் தம்பி அவள் முகத்தைப் பார்க்கிறான்.

அது மட்டுமா? மூக்கு ஒழுகியது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தும் வியர்த்தது. வாய் கிழியக் கொட்டாவி விட்டான். கேட்டால் சளி என்றான். ஊசி கிடைக்காத பழைய நாட்களில் அவன் இப்படித்தான் இருப்பான் என்பதை அவள் மறக்கவில்லை. மாத்திரை போட்டால் இது வரக் கூடாது. வருகிறதென்றால் மாத்திரை உள்ளே போகவில்லை. போகாத மாத்திரை எங்கே போகிறது? யார் கைக்கு? அந்தக் காசு எதற்கு?

கணவரிடம் கேட்டுப் பார்க்கவும் வழியில்லை. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் மைத்துனனை நேராகப் பார்த்தே சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை ஏதாவது தெரிஞ்சுது, உன் பெட்டி வாசலுக்கு வந்துடும். உங்கக்கா குட்டிக்கரணம் போட்டாலும் உள்ள வராது." ரேடியோ சிரித்துக்கொண்டே, "பெட்டிய நானே தூக்கிக்கிறேன் மாமா, உங்களுக்கு முதுகு வலி" என்றான். யாரும் சிரிக்கவில்லை. வெளியே போனால் அவன் எந்தத் தெருவுக்குப் போவான் என்பது மூன்று பேருக்குமே தெரியும். போன முறை அந்தத் தெருவிலிருந்து அவனை மூச்சு நின்றுபோகும் நிலையில் தூக்கி வந்தார்கள்.

இன்று கணவர் வேலைக்குப் போனதும் மாத்திரையை எடுத்தாள். அவன் ஒரு வாய் தண்ணீரில் நாக்கை நனைத்துக்கொண்டான். அவளே வைத்துவிட்டாள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"உன் பழைய கூட்டாளிய நேத்து தெருமுனையில பார்த்தேன்" என்றாள். பொய்தான்.

அவன் இல்லை இல்லை என்று தலையாட்டினான்.

"அவன் என்னைப் பார்த்துட்டு ஏன் ஒதுங்கணும்?"

அவன் தோளைக் குலுக்கினான். அவள் முகத்தையே பார்த்தான்.

நேரமானதும் போன் வெளிச்சத்தை அடித்தாள். "நாக்கத் தூக்கு." வெள்ளையாகக் கொஞ்சம் மாவு, அவ்வளவுதான். "கன்னம்." இரண்டு பக்கமும் காலி.

"அக்கா, இது வாயா, உங்க கடை வாசலா? பில் காட்டணுமா?" என்று சிரித்தான்.

சிரித்தான்தான். ஆனால் மேலுதடு சிரிக்கவில்லை. பல்லோடு ஒட்டவைத்ததுபோல் அப்படியே நின்றது.

அக்கா அதைக் கவனித்துக்கொண்டாள். கடையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, ஆளை வாசல் தாண்ட விட்டுப் பிடி என்பதுதான். "போ, வாய் கொப்பளி" என்றாள்.

குளியலறைக் கதவு மூடிக்கொண்டது. குழாய்ச் சத்தம் வரவில்லை. கதவு திறந்தது. அவன் தன் அறைக்குள் நுழைந்தான். நீருக்கடியில் நடப்பவளைப்போல் அவள் சத்தமில்லாமல் பின்னால் போனாள். அலமாரியின் மேல்தட்டில் கிடந்த வேலை பூட்ஸுக்குள் அவன் கையை விட்டுக்கொண்டிருந்தான்.

"எடு."

கை பூட்ஸுக்குள்ளேயே நின்றது.

"எடுன்னு சொன்னேன்ல."

டிஷ்யூ தாளில் தனித்தனியாக மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்தாள். சப்பிப் போட்ட மிட்டாய்போல ஓரம் மழுங்கிய பாதி மாத்திரை. இன்றையது இன்னும் ஈரமாக இருந்தது.

"யாருக்கு விக்கிற?"

"விக்கலக்கா."

"பின்ன அழகு பார்க்கவா வச்சிருக்க?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். முதல்முறையாக மெதுவாகப் பேசினான். "மாமா பெட்டிய வெளிய வைப்பேன்னு சொன்னார்ல. வச்சுட்டார்னு வை. மாத்திரை உன் கைல இருக்கு. மறுநாள் காலைல எனக்கு யார் தருவா? மையத்துக்குப் போனா, அக்கா எங்கன்னு கேப்பாங்க. அதுக்குள்ள உடம்பு முறுக்க ஆரம்பிச்சா நான் அந்தத் தெருவுக்குத்தான் போவேன். எனக்கே என்னைத் தெரியும். கொஞ்ச நாள் தாங்கற மாதிரியாவது கைல இருக்கட்டும்னு..."

"அதுக்குப் பாதியத் துப்பிட்டு, பாதியோட வேர்த்துக்கிட்டு உக்காந்திருந்தியா?"

"ஆமா."

"முட்டாளாடா நீ?"

"அதுக்கும் ஆமா."

நல்ல கதை. அவனுக்குக் கதைக்கா பஞ்சம்? பையைத் திறந்ததும் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். சிலர் கண்ணீரோடு சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம். விற்கப் போகும் முன் பிடிபட்டதாகவும் இருக்கலாம். பொட்டலங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாத்திரை அதைச் சொல்லாது.

"சட்டைய மாத்து" என்றாள். "சிஸ்டர்கிட்ட போறோம். நீயே சொல்லு."

"அக்கா, சொன்னா வீட்டுக்குத் தர மாட்டாங்க."

"தர வேண்டாம்."

மையத்தில் சிஸ்டர் பொட்டலங்களை ஒரு தட்டில் கொட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவன் சொன்னதை முழுக்கக் கேட்டார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. "பாதி டோஸ்ல சளி பிடிக்காம என்ன செய்யும்" என்றார். உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தார். இனி வீட்டுக்குக் கிடையாது, தினமும் காலையில் இங்கேதான். இன்றைக்கு விட்டுப்போன பாதிக்குப் புது மாத்திரை ஒன்றை அவரே பிரித்து, அவன் நாக்குக்கு அடியில் வைத்து, மேலுதட்டையும் தூக்கிப் பார்த்தார்.

வைப்பதற்கு முன் அவன் கேட்ட கடைசிக் கேள்வி: "மாமாகிட்ட சொல்லுவியா?"

அவன் பேச முடியாத இந்தக் கொஞ்ச நேரத்தில் அக்கா பதில் சொன்னாள்.

"சொல்லுவேன். மறைச்சு வச்சு நாளைக்கு அவரே கண்டுபிடிச்சா இன்னும் மோசம். பெட்டிய வெளிய வைக்கட்டும், நான் உள்ள எடுத்து வைக்கிறேன். அந்த வீட்டு வாடகைல பாதி நான் கால் கடுக்க நின்னு சம்பாதிக்கறது. அவர் மட்டும் முடிவு பண்ண முடியாது. காலை ஷிஃப்ட்ட மாத்திக் கேட்டுட்டு தினமும் உன்கூட வர்றேன்."

அவன் கண்கள் நிறைந்தன.

"உடனே உருகாத. உன்னை நம்பிட்டேன்னு அர்த்தமில்ல. நீ குளிக்கப் போனதும் பூட்ஸப் பார்ப்பேன், தலையணையப் பார்ப்பேன், எல்லாத்தையும் பார்ப்பேன். சந்தேகம் வேற, பெட்டி வேற."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"மூடு" என்றார்கள் சிஸ்டரும் அக்காவும், ஒரே நேரத்தில்.