தங்கத் துகள் போட்ட சிப்பி

அக்கா வேலை பார்த்தது நீச்சல் சாமான்கள் விற்கும் கடையில். தொப்பி, துண்டு, கண்ணாடி எல்லாம் கீழே. காற்றடைத்து மிதக்கவிடும் மிதவைகள் மாடியில். பதினோரு வருஷமாக மாடி அவள் பொறுப்பு. ஒரு மிதவையைக் கையில் எடுத்தால் முதலில் இரண்டு தோலும் சேரும் ஒட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாள். ஒட்டு விரல் அகலம் இருந்தால் நல்ல சரக்கு. நூல் மாதிரி ஓடினால் இரண்டு மாதம் தாங்கினாலே பெரிது. வாங்க வருகிறவர்கள் கலரைப் பார்ப்பார்கள், அவள் காற்றடைக்கும் மூடியைத் திறந்து பார்ப்பாள்.

தங்கை நான்கு வயது இளையவள். சின்ன வயதில் அக்காவுக்குப் பத்தாமல் போன சட்டைகள்தான் தங்கைக்கு வரும். நியாயமாகப் பார்த்தால் அவள்தான் பொறாமைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அதே சட்டை தங்கை உடம்பில் ஏறியதும் பார்க்கிறவர்கள், "புதுசா?" என்று கேட்பார்கள். அக்கா போட்டிருந்தபோது ஒருவரும் கேட்டதில்லை.

இப்போது தங்கை வீடு கட்டிக் குடிபோயிருந்தாள். பின்பக்கம் நீச்சல் குளம். அக்கா இருந்தது இரண்டாவது மாடியில், இரண்டே அறை. குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்து வாளி நிரப்ப வேண்டும். அவள் பிள்ளைகள் இருவரும் வாயைத் திறந்தால் "சித்தி வீட்டுல" என்றுதான் ஆரம்பித்தார்கள். கணவர் வேறு சேர்ந்துகொண்டார். "உன் தங்கச்சி குளிக்கிற இடத்துல நம்ம வீட்டையே தூக்கி வச்சிடலாம்" என்று சிரித்தார். அவரால் சிரிக்க முடிந்தது. அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

தங்கை போன் செய்தாள். "அக்கா, குளத்துல போட பெருசா ஒரு ஃப்ளோட் வேணும். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீயே பாத்து எடுத்துடு. நீ எடுத்தா சரியாதான் இருக்கும்."

அந்த நம்பிக்கையும் அக்காவுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. தெரியாது என்று சொல்லக்கூட இவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைத்தாள்.

மாடியில் அப்போது நல்ல மிதவை ஒன்று இருந்தது. வெறும் நீலம், கனமான பிளாஸ்டிக் தோல், அகல ஒட்டு. பக்கத்தில், கண்ணாடி ஜன்னலில், சிப்பி வடிவத்தில் இன்னொரு மிதவை. ஊடே பார்க்கிற மாதிரி மெல்லிய பிளாஸ்டிக், உள்ளே தங்கத் துகள்கள். ஒரு கோடைக்காலம் முழுக்க ஜன்னல் வெயிலில் காட்சிக்கு நின்றது. மடித்த இடங்களில் தோல் விறைத்துப்போயிருந்தது. அதே சரக்கை வாங்கிப்போன மூன்று பேர் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள்.

அக்கா சிப்பியை எடுத்தாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. "இது பாக்க நல்லா இருக்கும்" என்றாள். அது உண்மைதானே.

பிறகு காத்திருந்தாள். ஒரு வாரத்தில் போன் வரும், ஒட்டு விட்டுப்போச்சு என்பாள் என்று எதிர்பார்த்தாள். அப்போது என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். ஒரு மாதம் ஆனது. இரண்டு மாதம் ஆனது. போன் வந்தது, ஆனால் தங்கை சொன்னது வேறு. "அக்கா, பக்கத்து வீட்டுல எல்லாரும் எங்க வாங்கினேன்னு கேக்குறாங்க. எங்க அக்கா எடுத்துக் குடுத்ததுன்னு சொன்னேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் எல்லாரும் தங்கை வீட்டுக்குப் போனார்கள். சிப்பி அப்படியே புதிதாக இருந்தது. பிள்ளைகள் ஆடி முடித்துக் கரையேறியதும் தங்கை அதைத் தண்ணீரிலிருந்து இழுத்தாள். நல்ல தண்ணீரை ஊற்றிக் குளத்து மருந்தைக் கழுவினாள். பழைய பருத்தித் துணியால் மடிப்பு மடிப்பாக ஒற்றி எடுத்தாள். மூடியைத் திறந்து கொஞ்சம் காற்றை வெளியே விட்டு, கூரையின் நிழலில் நிமிர்த்தி வைத்தாள்.

"இதெல்லாம் யாரு சொன்னா?" என்று அக்கா கேட்டாள்.

"நீதான். உன் கடைக்கு வரும்போதெல்லாம் வர்றவங்ககிட்ட நீ சொல்றதக் கேட்டிருக்கேனே. வெயில்ல காத்து பெருகும், முக்கால் வயிறுதான் ரொப்பணும், ஈரத்தோட மடிக்கக் கூடாது. அங்க பாரு."

மோட்டார் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தங்கையின் உருண்டைக் கையெழுத்து. மேலே 'அக்கா சொன்னது' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

அக்காவுக்கு முகம் சுட்டது. பழுதான சாமானைக் கொடுத்தாலும் இவள் கைக்குப் போனால் அது நல்ல சாமான் ஆகிவிடுகிறது. அதுவும் யாருடைய பேச்சைக் கேட்டு? தன் வீட்டில் தன் பேச்சை யார் தாளில் எழுதி ஒட்டினார்கள்?

எல்லாரும் சாப்பிட உள்ளே போனார்கள். "கை கழுவிட்டு வர்றேன்" என்று அக்கா பின்தங்கினாள். யாரும் வெளியே இல்லை என்பதை இரண்டு தரம் பார்த்தாள். மோட்டார் அறையோரம் இருந்த, காலால் மிதிக்கும் பம்பைச் சிப்பியில் சொருகினாள். மிதித்தாள். மத்தளம் மாதிரி விறைக்கும்வரை மிதித்தாள். பிறகு அதை நிழலிலிருந்து வெயிலுக்கு, கொதிக்கிற தரைக்கல் மேல் இழுத்துப் போட்டாள். உள்ளே வந்து உட்கார்ந்து, தங்கை பரிமாறியதைச் சாப்பிட்டாள். கேட்டு இன்னொரு தரம் வாங்கிக்கொண்டாள்.

தட்டை எடுக்கும் நேரத்தில் வெளியே துணி கிழிகிற மாதிரி சத்தம்.

ஒட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பிளந்திருந்தது. தங்கத் துகள்கள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. தங்கை பம்பைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள், பிறகு தன் ஆறு வயது மகளைப் பார்த்தாள்.

"பம்பத் தொடாதேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"நான் தொடலம்மா."

"பொய் வேறயா? பெரியம்மா வாங்கிக் குடுத்தது. எப்படிப் பாத்துப் பாத்து வச்சிருந்தேன்." கையை ஓங்கினாள். குழந்தை ஓடி வந்து அக்காவின் பின்னால் ஒளிந்து, அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டது.

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. தங்கை அழுவாள், தனக்குக் கொஞ்சம் ஆறும் என்பதோடு அவள் கணக்கு நின்றிருந்தது.

"அவ இல்ல" என்றாள் அக்கா. "நான்தான் காத்தடிச்சேன். நான்தான் வெயில்ல போட்டேன்."

"மறந்து போட்டியா?"

"இல்ல. வேணும்னுதான்." முழுக்கச் சொன்னாள். "எடுத்துக் குடுத்ததே வேணும்னுதான். ஜன்னல் வெயில்ல காஞ்ச சரக்கு அது. சீக்கிரமே கிழியும்னு தெரியும்."

தங்கை ஓங்கிய கையை இறக்கினாள். "எதுக்குக்கா?"

"வயித்தெரிச்சல்தான்."

"எதப் பாத்து?"

குளத்தைச் சொல்லவா, வீட்டைச் சொல்லவா, பழைய சட்டையைச் சொல்லவா? தங்கை மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அழவில்லை, கத்தவில்லை. கோபம்கூட அவளுக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று, அந்த நிலையிலும் அக்காவுக்குத் தோன்றியது. தோன்றியதும் தன்மேல் அருவருப்பு வந்தது. குனிந்து துகள்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவை விரலில் ஒட்டிக்கொண்டன, உதறினாலும் போகவில்லை.

இரண்டு மாதம் பேச்சு இல்லை. பிள்ளைகள் கேட்டபோது, "அம்மா ஒரு தப்பு பண்ணிட்டேன், அதான்" என்று சொன்னாள். கணவர் காரணம் கேட்டார். சொன்னாள். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

ஒரு வேலைநாள் மத்தியானம் தங்கை கடை மாடிக்கு வந்தாள். முன்னால் நின்ற ஆளுக்கு அக்கா சாமான் கட்டி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நல்லதா ஒண்ணு காட்டுங்க" என்றாள்.

அந்த 'ங்க' சுருக்கென்று தைத்தது. அக்கா நீல மிதவையை இறக்கிப் பிரித்தாள். தங்கை ஒட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். மூடியைத் திறந்து பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"இது எத்தன நாள் வரும்?"

"நீ வச்சுக்கிற வெதத்துக்கு நாலு வருஷம் வரும்" என்றாள் அக்கா. "ஒட்டு அகலம். அடியில இன்னொரு தோல் இருக்கு. உன் பொண்ணு தனியா ஏற வேண்டாம், இவ்வளவு பெருசு கவிழ்ந்தா அவளால திருப்ப முடியாது."

தங்கை தலையாட்டினாள். பொட்டலத்தைக் கையில் வாங்கிப் படிவரை போனவள் நின்றாள்.

"ஞாயித்துக்கெழம புள்ளைங்கள அனுப்பு. எம் பொண்ணு தெனமும் கேக்குறா."

"சரி."

"நீ இப்ப வேணாம். நான் சொல்றப்ப வா."

"சரிடி" என்றாள் அக்கா. தங்கை படியிறங்கிப் போனாள். வாசலில் யாரோ அவள் கைப்பொட்டலத்தைக் காட்டி, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பது மாடி ஜன்னல் வழியே தெரிந்தது. தங்கை மேலே கை காட்டினாள். அக்காவின் நெஞ்சில் அந்தப் பழைய எரிச்சல் எழுந்தது, முழுக்க எழவில்லை. அவள் ஜன்னலை விட்டு வந்து, வெயில்படும் இடத்தில் நின்ற அடுத்த காட்சி மிதவையை உள்ளே தள்ளி வைத்தாள்.