பிளேயரில் சிக்கிய ஒன்பது பாட்டு

ஸ்ரீரஞ்சனியும் அவள் கணவன் தேஜஸும் வாங்கிய பழைய காரில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. பிளேயருக்குள் யாரோ விட்டுப்போன சிடி மாட்டிக்கொண்டு, வெளியே வர மறுத்தது. கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வைக்கலாம் என்றான் தேஜஸ். அதற்குள் புனேயின் மகர்பட்டாவில் இருக்கும் அலுவலகத்துக்கு அவள் தனியாக ஓட்டிப்போன முதல் நாளே, நெரிசலில் நின்ற சலிப்பில் பொத்தானை அழுத்திவிட்டாள்.

முதலில் கிடார். பிறகு பறை மாதிரி ஒரு தாளம், ஆனால் இன்னும் கரகரப்பாக. அதன்மேல் ஓர் ஆண்குரல், தமிழில். இனிமைக்காக மெனக்கெடாத குரல். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தவன் அப்படியே பாட்டுக்குள் போய்விட்டது போல் இருந்தது.

*சோறுன்னு சொன்னா பாத்துன்னு சொல்லுற,*
*பேரைக் கேட்டா என்னன்னு சொல்லுவ?*

பாத் என்றால் மராத்தியில் சோறு. பின்னால் ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தாள்.

புனேயில் பிறந்து வளர்ந்தவள் அவள். தமிழ்ப் பாட்டு என்றால் லீவுக்குப் போகிற ஊர்களின் பாட்டு என்றே நினைத்திருந்தாள். இதில் அவள் ஊர்க் கட்கியின் ஃபேக்டரி சங்கு ஊதியது, போபோடி ரயில்வே கேட் மூடியது, வீட்டில் அவள் பேசுகிற அதே கலப்படத் தமிழ் கூச்சமில்லாமல் நடந்தது. மொத்தம் ஒன்பது பாட்டு. பாட்டை அடையாளம் காட்டுகிற ஆப்பில் போட்டுப் பார்த்தாள். அதற்குத் தெரியவில்லை. மெக்கானிக் பிளேயரை உடைத்துத்தான் எடுக்க முடியும் என்றதும் வேண்டாம் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

நாலு மாதம் கழித்து, ஆர்சி புத்தகத்தில் இருந்த பழைய உரிமையாளரின் பெயரைப் பிடித்து, தரகரிடம் நம்பர் வாங்கினாள். புனேக்கு வெளியே தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் மனோஜ், மராத்திக்காரர். விஷயத்தைச் சொன்னதும் போனில் சிரித்தார். கூட வேலை செய்யும் இருதயராஜ் எழுதிப் பாடிய சிடி அது, ஒரு சொல்லும் புரியாது, ஆனாலும் ஆறு வருஷம் அதைத்தான் கேட்டேன், வண்டியை விற்கும்போது அதை எடுக்க முடியவில்லையே என்பதுதான் வருத்தம் என்றார். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடியும், வாருங்கள் என்றார்.

தொழிற்சாலை எதிரே டீக்கடையில் மனோஜோடு இருதயராஜ் நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கும் ஒல்லியான மனிதர், பெயின்ட் பிரிவு. விரல் நகங்களில் சாம்பல் நிறம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், வளர்ந்ததும் இப்போது இருப்பதும் போபோடி. ஸ்ரீரஞ்சனியும் ஒரு டீ வாங்கிக்கொண்டாள். அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"இருநூறு சிடி போட்டோம் மேடம். சர்ச் திருவிழாவுல கொஞ்சம் போச்சு. மிச்சத்த என் வீட்டுக்காரி ஷீலா கல்யாண வீடுகள்ல சும்மா குடுத்தா. கேட்டேன்னு இதுவரைக்கும் யாரும் தேடி வந்ததில்ல."

"தினம் கேக்கறேன்," என்றாள் அவள். "லோக்கல் டிரெயின் பாட்டுல மட்டும் ஒரு எடத்துல சிடி தாவிடறது. 'தோளோட தோளா'ன்னதும் அடுத்த வரி காணோம். அது என்னன்னு தெரிஞ்சே ஆகணும்."

மனோஜுக்கு எந்தப் பாட்டென்று புரிந்துவிட்டது. அவர் ராகத்தை முணுமுணுத்து, சிடி தாவுகிற அதே இடத்தில் தாவினார். இருதயராஜ் கண்ணாடி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் தட்டி, தாழ்ந்த குரலில் பாடினார்.

*லோக்கல்ல நிக்கிறோம் தோளோட தோளா,*
*ஏறும்போது ஒரு கை தூக்கி விட்டுச்சு,*
*மூஞ்சிய மட்டும் பாக்கவே இல்ல.*

இவ்வளவு எளிய வரி. இதை எழுதிய கை தினமும் இங்கே இரும்புக்கு நிறம் பூசிக்கொண்டிருக்கிறது, புனேயில் ஒருவருக்கும் தெரியாது. மனோஜ் அர்த்தம் கேட்டார். ஸ்ரீரஞ்சனி வரி வரியாக மராத்தியில் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

அதற்கப்புறம் எழுதுவதை விட்டுவிட்டீர்களா என்று கேட்டாள்.

"விடல," என்று போனை எடுத்தார் இருதயராஜ். "பதினோரு பாட்டு இருக்கு. இதுலயே பாடி வச்சிருக்கேன். கேக்க நேரம் இருக்கா?"

ரோட்டில் லாரிச் சத்தம் அதிகம் என்பதால் மூவரும் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார்கள். வர நேரமாகும் என்று தேஜஸுக்குச் செய்தி அனுப்பினாள். பதினொன்றையும் கேட்டு முடித்தபோது எது பிடித்தது என்று இருதயராஜ் கேட்டார். ஏழாவது என்று யோசிக்காமல் சொன்னாள்.

இருதயராஜ் போனைச் சட்டைப்பையில் வைத்தார். அதை எழுதி எட்டு வருஷம் ஆகிறது, ஷீலாவுக்குக்கூட இன்னும் பாடிக் காட்டவில்லை என்றார்.

"அப்ப இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அவங்களுக்குப் பாடுங்க," என்றாள் ஸ்ரீரஞ்சனி. "போபோடில எறக்கி விடறேன்."