தண்ணீர் நேரம்

தன் குரலை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று யாராவது விசாரித்தால், சுமையா யோசிக்காமல் பதினொரு பேர் என்பாள். போன மாதம் சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்து, நானூறு வீட்டுக் கதவைத் தட்டி, கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு எண்ணிவிட்டுப் போன கணக்கு அது. நானூறில் பதினொன்று. அதில் ஒருவர் அவளுடைய வாப்பா.

அதிராம்பட்டினத்துக்கு வடக்கே, ஒரு ரைஸ் மில்லின் மாடியில் இரண்டு அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும். மாடிக்கு மேலே ஒரு கம்பம். இவ்வளவுதான் கடைமடை பண்பலை. சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குக் கேட்கும், அதைத் தாண்டினால் கரகரப்பு. சுமையா இங்கே ஒன்பது வருடமாக அறிவிப்பாளர். தயாரிப்பாளர், எழுத்தாளர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாமும் அவளே. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள குணசேகரன் என்று ஒருவர் உண்டு.

பதினொரு பேருக்காக ஒரு கம்பத்தை நிறுத்திவைப்பானேன் என்று நிலையத்தை நடத்தும் அறக்கட்டளைக்குத் தோன்றிவிட்டது. அதன் செயலாளர் வெங்கட்ராகவன், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து கடிதம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். மாதக் கடைசியோடு ஒலிபரப்பு நிறுத்தம். வேண்டுமானால் யூடியூபில் ஒரு சேனல் வைத்துக்கொள்ளலாமாம். அவருடைய தாத்தா காலத்தில் இந்தப் பக்கம் அவர்களுக்கு நிலம் இருந்தது. இப்போது குடும்பத்தில் ஒருவருக்கும் வரப்பில் நடக்க வராது.

அந்தத் திங்கட்கிழமை காலையில் சுமையா மைக் முன்னால் உட்கார்ந்தபோது அவள் மனம் அங்கே இல்லை. ஒன்பது வருடம். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, வீட்டுக்காரர் கத்தாருக்குப் போய், வந்து, மறுபடி போய், அத்தனைக்கும் நடுவில் ஒரு நாள்கூடத் தவறாமல் பேசியிருக்கிறாள். பேசியது எல்லாம் முட்டை அட்டைக்குத்தானா? நேரம் ஆறு நாற்பது. மேஜையில் கிடந்த தாளை எடுத்து, "தண்ணீர் நேரம்" என்று தொடங்கி, இருந்ததை இருந்தபடி படித்து முடித்தாள்.

நிலையத்தின் நிகழ்ச்சிகளிலேயே அவளுக்குப் பிடிக்காதது இந்த இரண்டு நிமிடம்தான். அந்தப் பக்கத்துக் கிளை ஆற்றிலிருந்து பன்னிரண்டு வாய்க்கால்கள் பிரிகின்றன. ஆற்றில் வரும் தண்ணீர் பன்னிரண்டுக்கும் ஒரே நேரத்தில் போதாது. அதனால் திங்கள் முதல் புதன் வரை மேலே உள்ள ஆறு வாய்க்கால், அது மேல்முறை. வியாழன் முதல் சனி வரை கீழே உள்ள ஆறு, அது கீழ்முறை. ஒரு முறை நடக்கும்போது மற்ற ஆறும் மடையை அடைத்துக்கொள்ள வேண்டும். எந்த வாய்க்கால் எத்தனை மணிக்குத் திறக்கலாம் என்று வாராவாரம் ஒரு தாள் வரும். முன்பக்கம் மேல்முறை, பின்பக்கம் கீழ்முறை. அவள் ராத்திரி பகலாக உழைத்துத் தயாரிக்கும் 'அடுப்படி அரட்டை'யை விட்டுவிட்டு இதை யார் கேட்கப் போகிறார்கள் என்பது அவளுடைய எண்ணம். இதே பட்டியல்தான் வாட்ஸ்அப்பிலும் வருகிறதே!

ஒன்பதரைக்கு அனந்தநாராயணன் போன் செய்தார். விவசாயிகள் கூட்டமைப்பின் தலைவர். அந்தத் தாளை எழுதுகிறவரே அவர்தான். வலங்கைமானில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"என்னம்மா படிச்சீங்க காலையில? திங்கக்கிழமையும் அதுவுமா கீழ்முறைன்னு சொன்னீங்களாமே? மச்சான் இப்பதான் போன்ல சொல்றான்."

சுமையா தாளைப் பார்த்தாள். ஃபேன் காற்றில் அது குப்புறக் கிடந்திருக்கிறது. அவள் பின்பக்கத்தைப் படித்திருக்கிறாள்.

"யா அல்லாஹ்" என்றாள். "சார், வாட்ஸ்அப்ல சரியாத்தானே போட்டிருக்கீங்க?"

"அது நேத்து ராத்திரியே போட்டாச்சு. ஆனா அத..." நாதஸ்வரத்தோடு தவிலும் சேர்ந்துகொண்டது. "நான் வர மத்தியானம் ஆயிடும். நீங்க போய் ஒரு எட்டு பாருங்க."

போனை வைத்ததும் முதலில் பயந்தாள். பிறகு, வாட்ஸ்அப்பில்தான் சரியாக இருக்கிறதே, யார் கெட்டுப்போகப் போகிறார்கள் என்று ஆறுதல் வந்தது. ரேடியோவை யாரும் கேட்பதில்லை என்ற அந்த ஆறுதலே நெஞ்சைச் சுட்டது.

பத்து மணிக்கு வெங்கட்ராகவன் வந்தார். சட்டைப் பையில் உறை எட்டிப் பார்த்தது. சுமையா எதையும் மறைக்கவில்லை. தப்பாகப் படித்துவிட்டேன், போய்ப் பார்க்க வேண்டும் என்றாள்.

"கவலைப்படாதீங்க. பதினொரு பேர்தானே கேட்டிருப்பாங்க" என்றார் அவர். நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் அப்படி. "வாங்க, கார்லயே போய்ட்டு வந்துடலாம்."

ஆற்றங்கரைச் சாலையில் முதல் வாய்க்கால் வந்தது. மடைப் பலகை இறங்கியிருந்தது. இடுக்கில் வைக்கோலும் சேறும் அப்பி, சொட்டுத் தண்ணீர் போகாமல் அடைத்திருந்தார்கள். திறந்திருக்க வேண்டிய மடை அது. யாரோ ஒருவர் ரேடியோ கேட்டிருப்பார் போலிருக்கிறது என்று சுமையா நினைத்தாள். இரண்டாவது மடையும் அடைத்திருந்தது. மூன்றாவதும் அப்படியே. நான்காவது வாய்க்காலில் நட்டுப் பத்து நாள்கூட ஆகாத பயிர் வெயிலில் வாடி நின்றது. மடை கெட்டியாக மூடியிருந்தது. ஐந்தாவதில் பலகை உடைந்திருந்ததால் மணல் மூட்டை போட்டு அடைத்திருந்தார்கள்.

சுமையா கணக்குப் போட்டாள். ஒரு வாய்க்காலுக்கு நூறு ஏக்கர் என்றாலும் ஐந்நூறு ஏக்கர். அத்தனை பேரும் வாடுகிற பயிருக்குப் பக்கத்தில் நின்று, வருகிற தண்ணீரைத் தங்கள் கையாலேயே தடுத்து, கீழே அனுப்பியிருக்கிறார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டு ஒரு போன்கூட வரவில்லை. அவள் சொன்னாள், செய்துவிட்டார்கள்.

ஆறாவது மடையருகே பூவரச மர நிழலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடையைத் திறந்து மூடும் பொறுப்பு அவருக்கு, பெயர் பரிதி. ஐம்பது வயதிருக்கும். சைக்கிள் ஹாண்டில்பாரில் ஒரு சின்ன ரேடியோ தொங்கியது. அதில் சுமையா போன வாரம் பதிவு செய்த தென்னை வெள்ளை ஈ பற்றிய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில், கூப்பிடு தூரத்தில், ஏழாவது வாய்க்கால். அது கீழ்முறையின் முதல் மடை. அங்கே தண்ணீர் திமுதிமுவென்று பாய்ந்துகொண்டிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிய ஒரு பெண் மம்பட்டியால் வரப்பைச் சரிசெய்தபடி நின்றாள்.

வெங்கட்ராகவன்தான் பேச்சை ஆரம்பித்தார். "இன்னைக்கு உங்க முறைதானேங்க? வாட்ஸ்அப்ல வரலியா?"

"வந்துச்சுங்க. மேல்முறைன்னுதான் போட்டிருந்துச்சு. காலையில ரேடியோவுல கீழ்முறைன்னு சொல்லிட்டாங்க. கீழ ரொம்பக் காயுது போல, அதான் மாத்திட்டாங்கன்னு அடைச்சிட்டோம்."

"வாட்ஸ்அப்ப விட்டுட்டு ரேடியோ சொன்னத ஏன் கேட்டீங்க?"

பரிதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "போன வருஷம் எவனோ பட்டியல மாத்தி ஃபார்வர்ட் பண்ணி விட்டுட்டான். நம்ம போன்ல ஒண்ணு இருக்கு, அவங்க போன்ல ஒண்ணு இருக்கு. மம்பட்டிய தூக்கிட்டாங்க, ரெண்டு பேருக்கு மண்ட ஒடஞ்சிது. அப்புறம் பன்னெண்டு வாய்க்காலும் கூடி ஒக்காந்து பேசி முடிவு பண்ணோம். ரேடியோவுல சொல்றதுதான் முறை. அத ஒருத்தனும் தனக்குன்னு மாத்த முடியாது பாருங்க. நான் கேக்குறப்பதான் கீழ உள்ளவனும் கேக்குறான். நான் கேக்கலன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது."

"இத யாருமே எங்ககிட்ட சொல்லலியே!" சுமையாவுக்குக் குரல் ஏறிவிட்டது.

"சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றவர், அந்தக் குரலைக் கேட்டதும் ஒரு கணம் ரேடியோவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தபடி எழுந்துவிட்டார். "நீங்களா? சுமையாம்மாவா? வயசானவங்கன்னுல்ல நெனச்சிருந்தேன்!"

வெங்கட்ராகவன் விடவில்லை. "எங்க ஆளுங்க வந்து கேட்டப்ப, ரேடியோ கேக்குறதில்லன்னு எல்லாரும் சொன்னீங்களாமே?"

"ஆமாங்க, சொன்னேன். ரேடியோ கேக்க எங்கங்க நேரம்?"

"பின்ன இது என்னங்க?"

"இது தண்ணி நேரம்ங்க" என்றார் பரிதி. இதுகூடத் தெரியாமல் கார் வைத்திருக்கிறாரே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

சுமையாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. குணசேகரனுக்குப் போன் போட்டு, பேச்சை நிறுத்திவிட்டுத் தன்னை நேரலையில் விடச் சொன்னாள். பிறகுதான் எதிர்க்கரைப் பெண்ணைப் பார்த்தாள். இங்கே பத்து நாள் பயிர் வாடுகிறது. அங்கேயும் வெடித்துக் கிடந்த வயலில் பாதிக்குத்தான் தண்ணீர் ஏறியிருக்கிறது. தப்பு தன்னுடையது, அதற்குப் பாதியில் தண்ணீரை விட்டுக்கொடுக்க வேண்டியவள் அந்தப் பெண். கடிதத்தோடு பக்கத்தில் நிற்பவர் முன்னால் இதைச் சொன்னால் நிலையத்தை மூட இன்னொரு காரணமும் ஆயிற்று. போன் காதில் இருந்தது. "லைன்ல இருக்கீங்க, பேசலாம்" என்றார் குணசேகரன்.

"கடைமடை பண்பலை. நான் சுமையா பேசறேன். காலையில தண்ணீர் நேரத்தை நான் தப்பாப் படிச்சுட்டேன். தாளோட மறுபக்கத்தைப் படிச்சுட்டேன். தப்பு என்னுதுதான், வேற யாருடையதும் இல்ல. இன்னைக்கு மேல்முறை. கீழ ஆறு மடையும் அடைக்கணும். மேல ஆறு மடையும் திறக்கணும். மன்னிச்சுக்குங்க."

அவள் சொன்னது ஒரு நொடி தாமதித்து சைக்கிளிலிருந்து வந்தது. எதிர்க்கரையில் நின்ற டிராக்டரிலிருந்தும் வந்தது. ஆற்றின் மேல்பக்கம் ஏதோ ஒரு கொட்டகையிலிருந்தும் மெல்லக் கேட்டது. அவள் குரல் கரையெங்கும் ஆளில்லாமல் பேசுவதுபோல் இருந்தது. "மன்னிச்சுக்குங்க" என்று ரேடியோ சொல்லி முடிப்பதற்குள் பரிதி வாய்க்காலில் இறங்கியிருந்தார். எதிர்க்கரையில் அந்தப் பெண் நிமிர்ந்து நின்று கேட்டாள். தன் பாதி வயலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மம்பட்டியைக் கரையில் சாத்திவிட்டு, இரண்டு கையாலும் பலகையை அழுத்தி இறக்கினாள்.

தண்ணீர் நின்றது. அங்கே போகிற வேகத்தில் மோதி, சுழித்து, என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தேங்கியது. இந்தப் பக்கம் பலகை உயர்ந்ததும் திரும்பியது. நுரையும் சருகுமாக அது பரிதியின் காலைச் சுற்றிக்கொண்டு ஆறாவது வாய்க்காலுக்குள் நுழைந்தது. சுமையா வாயைத் திறந்தபடி நின்றாள். ஆறு திரும்புகிறது! ஒரு போனில் பேசியதற்கு ஆறு திரும்புகிறது. இதே நேரத்தில், அவள் கண்ணுக்குத் தெரியாத இன்னும் பத்து மடைகளில் யாரோ இறங்குகிறார்கள், யாரோ அடைக்கிறார்கள். ஒன்பது வருடமாக இந்த இரண்டு நிமிடத்தை அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு கடனுக்குப் படித்திருக்கிறாள்.

பாலத்தைச் சுற்றி எதிர்க்கரைக்கும் போனாள். அந்தப் பெண்ணின் பெயர் மதுரம்.

"என்னாலதானே உங்களுக்குப் பாதியில நின்னுது. திட்டுறதுன்னா திட்டிடுங்க."

"எதுக்குத் திட்டணும்? வியாழக்கிழமை வரத்தானே போவுது. நீங்க சொல்வீங்கள்ல?" என்றாள் மதுரம், சேற்றுக் கையை வாய்க்காலில் அலம்பியபடி. "அந்த அடுப்படி அரட்டைய மட்டும் கொஞ்சம் சுருக்கிக்குங்க. ரொம்ப இழுக்குது."

நிலையத்துக்குத் திரும்பினார்கள். உறை சட்டைப் பையில்தான் இருந்தது. பட்டுக்கோட்டையில் ஓர் இரவு தங்கிவிட்டு நாளைக்கு முடிவு சொல்வதாக வெங்கட்ராகவன் விடைபெற்றார்.

மறுநாள் ஆறு நாற்பது. சுமையா தாளை எடுத்தாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், மறுபடி முன்பக்கம் திருப்பினாள். "தண்ணீர் நேரம்" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. முட்டை அட்டைக்குப் பின்னால் பன்னிரண்டு வாய்க்காலும் தெரிந்தன. பரிதி தெரிந்தார், மதுரம் தெரிந்தாள், முகம் தெரியாத அத்தனை பேரும் பலகையில் கை வைத்தபடி நின்றார்கள். எழுத்து கலங்கியது. ஐந்து நொடி போயிற்று. பத்து நொடி போயிற்று.

நிலையத்துத் தொலைபேசி அடித்தது. குணசேகரனுடைய செல்போனும் அடித்தது. அவர் ஒன்றை எடுப்பதற்குள் மற்றொன்று அடித்தது. சுமையாவின் செல்போன் மேஜைமேல் அதிர்ந்து நகர்ந்தது. தெரியாத எண், தெரியாத எண், இன்னொரு தெரியாத எண். நேயர் விருப்பத்துக்கு ஒன்பது வருடத்தில் மொத்தமாக வராத அழைப்புகள், அவள் பேசாமலிருந்த அரை நிமிடத்தில் வந்தன. குணசேகரன் கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு போனை நீட்டினார். மைக்கை மூடிவிட்டு வாங்கிக் காதில் வைத்தாள்.

"வெங்கட்ராகவன் பேசறேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "ஆறாவது மடையில நிக்கிறேம்மா. வரப்புல ரெண்டு தடவ வழுக்கி விழுந்துட்டேன். லெட்டர கிழிச்சாச்சு, அத அப்புறம் பேசிக்கலாம். முதல்ல நேரத்த சொல்லுங்க. இங்க பத்து பேர் மம்பட்டியோட நிக்கிறோம்."

சுமையா போனைக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைக்கைத் திறந்தாள்.

"இன்னைக்கு மேல்முறை" என்றாள். "முதல் வாய்க்கால், காலை ஏழு மணி."